சூப்பைக் குடி, ஆர்லிஸ்

ஹாக்லி கேபிள் ஆபீசில் போன் அடித்தால் வெல்டா ஸ்டக்கி முதலில் ஒரு பெருமூச்சு விடுவாள், பிறகுதான் எடுப்பாள். மறுமுனையில் இருப்பவர் என்ன கேட்கப்போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"வெல்டா, பதினாலாம் சேனல்ல இன்னிக்கு எட்டு மணிக்கு என்ன போடறான்?"

"பட்டியல் சேனலைப் பாருங்க. அதுக்குத்தானே அது இருக்கு?"

"பாத்துக்கிட்டேதான் இருந்தேன். காபி ஊத்தப் போனேன், அதுக்குள்ள பதினாலு மேல போயிருச்சு."

"கண்ணை எடுத்தது யார் தப்பு? அடுத்த சுத்துல வரும். உக்காந்து பாருங்க."

டொக்கென்று வைத்துவிடுவாள். எங்கள் ஊரில் அவளிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. கான்சாஸ் மாநிலத்திலேயே வாடிக்கையாளரைத் திட்டுவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே பெண் இவள்தான் என்று அவளுடைய முதலாளி லேலண்டே சொல்லுவார். சொல்லிவிட்டு, அவள் காதில் விழுந்ததோ என்று திரும்பிப் பார்ப்பார்.

பட்டியல் சேனலைப் பற்றி உருகுவதற்கு ஒன்றுமில்லை. அது ஒரு மொக்கைச் சேனல். நீலத் திரையில் சேனல் எண்ணும் நிகழ்ச்சிப் பெயரும் வரிசை வரிசையாகக் கீழிருந்து மேலே நகரும், அவ்வளவுதான். ஆமைகூட அதைவிட வேகமாகப் போகும். நமக்கு வேண்டிய சேனல் வரும்வரை மற்ற எல்லாச் சேனலின் கதையையும் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு தும்மல் வந்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. ஆனாலும் ஊரில் பாதி வீட்டில் பகல் முழுக்க அதுதான் ஓடும். பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் அதுதான். திரையின் மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சர்ச் மணியே அடித்தது.

நிகழ்ச்சி விவரமெல்லாம் ஒக்லஹோமாவிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வரும். மேட்டிலிருக்கும் ஊர்த் தண்ணீர்த்தொட்டிக்குக் கீழே ஒரு தகர அறை. அதற்குள் ஒரு காலத்தில் பிள்ளைகள் கேம் ஆட வாங்கிய மாதிரி கம்ப்யூட்டர் ஒன்று உட்கார்ந்து அந்த விவரத்தை வாங்கித் திரையில் ஏற்றும். கோடை வெயிலில் அதற்குக் கிறுக்குப் பிடித்துவிடும். சிவப்புக் கட்டத்தில் ஏதோ புரியாத எண்ணைக் காட்டி நின்றுவிடும். உடனே ஆபீசில் போன் கதறும். டெக்னீஷியன் டொயல் சுருட்டைக் கடித்துக்கொண்டே லாரியில் மேட்டுக்கு ஏறிப் போய், பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுவான். அதற்குமேல் அதற்கு வைத்தியம் இல்லை.

ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும், கடைசிச் சேனலுக்கும் அடுத்த சுற்றின் முதல் சேனலுக்கும் நடுவே, ஒரு உள்ளூர் அறிவிப்பு வரும். அது செயற்கைக்கோள் சமாச்சாரம் இல்லை. அதை வெல்டாதான் தன் மேசையிலிருந்து தட்டி அனுப்புவாள். மெதடிஸ்ட் சர்ச்சில் சனிக்கிழமை விருந்து, சில்லி என்கிற இறைச்சிக் குழம்பும் சினமன் ரோலும். கெர்ஹார்ட் டயர் கடையில் குளிர்கால டயர் வந்திருக்கிறது. இன்னாருக்குப் பேரன் பிறந்தான். இன்னார் காலமானார், அடக்கம் பத்து மணிக்கு. வெல்டா எழுதினால் ஒரு சொல் கூடாது, குறையாது. காணாமல் போன நாய்க்கு அவள் எழுதும் அறிவிப்பைப் படித்தாலே நாயைப் பார்த்த மாதிரி இருக்கும். "காணவில்லை. பீகிள் நாய். இடது காது பழுப்பு, சிவப்புப் பட்டை, லேசாக நொண்டும். பட்டன் என்று கூப்பிட்டால் திரும்பும்." அந்த நாயை அடுத்த சுற்று வருவதற்குள் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அவள் புருஷன் ஆர்லிஸ், தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். பேச்சுக் குறைவு, பிடிவாதம் அதிகம். சாயங்காலம் சாப்பிட்டு முடித்து, நாற்காலியில் சாய்ந்து, பட்டியல் சேனலில் ஒரு சுற்று முழுக்கப் படிப்பான். படித்து முடித்து, "ஒண்ணுமில்ல" என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவான். வேறு எந்தச் சேனலுக்கும் போகமாட்டான். அதிலும் ஒரு குணம் அவனுக்கு.

"ஆர்லிஸ், இன்னிக்கு ஏழு மணிக்கு மல்யுத்தம் இருக்கு."

"வரட்டும், பாக்கலாம்."

"இருக்குன்னு சொல்றேன்ல? நான் அந்த ஆபீஸ்லதான் வேலை பாக்குறேன்."

"நீ சொன்னா ஆச்சா? சேனல்ல வரட்டும்."

திருமணமான நாளிலிருந்து அவள் வாயால் சொன்ன எதையும் அவன் நேரடியாக நம்பியது கிடையாது. புயல் வருகிறது என்று அவள் கத்தினால், வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் நிலவறைக்கு இறங்குவான். சர்ச் விருந்து என்றைக்கு என்று அவளிடம் கேட்பான், அவள் சொல்லுவாள், பிறகு திரையில் வருகிறதா என்று காத்திருப்பான். அந்த வரியை எழுதியவளே எதிரே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். வெல்டாவுக்கு இது வயிற்றெரிச்சல். கல்யாணம் பண்ணியதற்குப் பதில் அந்தக் கம்ப்யூட்டரையே இவனுக்குக் கட்டி வைத்திருக்கலாம் என்று டொயலிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். பிற்பாடு அந்தச் சிரிப்பு அவளுக்கு வரவில்லை.

ஆர்லிசுக்கு மறதி வந்தது. முதலில் சாவி, பிறகு வீட்டுச் சின்ன லாரியை நிறுத்திய இடம், பிறகு வீட்டுக்கு வரும் வழி. அடுப்பை எரியவிட்டுவிட்டு வெளியே போய்விட்டான் ஒருநாள். வெல்டா வேலைக்குப் போயாக வேண்டும். மேற்குத் தெரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். சேர்த்த அன்று லாரியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைக் குத்தினாள். அழவில்லை. அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் சுலபமாக வரும்.

இல்லத்தில் அவன் சாப்பிட மறுத்தான். வாயை இறுக்கி மூடிக்கொள்வான். அங்கே அவனைக் கவனித்துக்கொண்ட பெண் மரிசேலா. அப்பா இறைச்சி ஆலையில் வேலைக்கு வந்தபோது எங்கள் பக்கம் வந்து தங்கிய குடும்பம். அவள்தான் வெல்டாவிடம் சொன்னாள்.

"மிசஸ் ஸ்டக்கி, அவர் எதுக்கும் கண்ணைத் திருப்ப மாட்டேங்கிறார். ஆனா அந்தப் பட்டியல் சேனல் போட்டா வாய்விட்டுப் படிக்கிறார். ஒரு வரி விடாம. சர்ச்சுல சில்லின்னு வந்துச்சா, இன்னிக்கு சில்லி கொடுன்னு என்னைக் கேட்டார்."

"நான் சொன்னா கேக்க மாட்டான். அது சொன்னா கேப்பான். இது புதுசில்ல, பொண்ணே."

மறுநாள் காலை வெல்டா மேசையில் உட்கார்ந்தாள். பேரன் பிறந்த செய்திக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒரு வரி தட்டினாள். "ஆர்லிஸ், ஐந்து மணிக்கு வருகிறேன். சூப்பைக் குடி. வெல்டா." தட்டிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். லேலண்ட் தன் அறைக் கதவருகே நின்று சுவர்த் திரையில் அது மேலே ஏறுவதைப் படித்துக்கொண்டிருந்தார். அவர் தொண்டையைச் செருமிவிட்டு உள்ளே போய்விட்டார். அதுதான் அவர் கொடுத்த அனுமதி.

ஆர்லிஸ் அன்று சூப்பைக் குடித்தான். கிண்ணத்தை வழித்துக் குடித்தான் என்றாள் மரிசேலா.

அன்றிலிருந்து அந்த வரி தினமும் ஓடியது. ஊர் சும்மா இருக்குமா? வெல்டா மளிகைக் கடைக்குப் போனால் கல்லாவில் இருப்பவள், "ஆர்லிஸ் சூப் குடிச்சாச்சா?" என்பாள். பெட்ரோல் போடப் போனால் அங்கேயும் அதே. டைனர் ஓட்டலில் ஒருவன் சூப்பை மிச்சம் வைத்தால், கூட உட்கார்ந்திருப்பவன், "சூப்பைக் குடி, ஆர்லிஸ்" என்று அதட்டுவான். சர்ச்சுப் பெண்கள் வெல்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்டு ஆளுங்க எங்களுக்கு ஒரு வார்த்தை பேசறதில்ல. நீங்க ரெண்டு பேரும் ஊரறியக் காதலிக்கிறீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெல்டா உதட்டைக் கடித்துக்கொண்டு, "சரி, சரி" என்று நகர்ந்துவிடுவாள். இவ்வளவு உருகிய கூட்டத்தில் ஒருவர்கூட மேற்குத் தெருப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திரையில் வரியைப் படிக்கக் காசு செலவில்லை, கால் வலியும் இல்லை.

போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஐந்து மணிக்கு வெல்டா அவன் அறைக்குள் நுழைவாள். ஆர்லிஸ் முகம் மலர்ந்து நிமிர்வான். அவளைப் பார்ப்பான். பிறகு தலையைச் சாய்த்து, அவளுக்குப் பின்னால் இருக்கும் கதவைப் பார்ப்பான்.

"யாரைத் தேடற, ஆர்லிஸ்?"

"என் பொண்டாட்டியை. அஞ்சு மணிக்கு வர்றேன்னு போட்டிருந்தா. உங்களுக்கு என்னம்மா வேணும்?"

"நான்தான் வெல்டா."

"அட, அவ பேரும் அதான்." அவன் மரியாதையாகச் சிரிப்பான். "நீங்க சர்ச்சுலேர்ந்து வர்றீங்களா?"

அவள் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினாள். படத்தில் இருந்த பெண்ணைத் தொட்டு, "இவதான்" என்றான். எதிரில் நிற்பவளை ஏறிட்டுப் பார்த்து, "நீங்க அவளுக்கு அத்தை முறையா?" என்றான். வெல்டா வெளியே போய், காரிடாரில் நின்று, மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பி வந்தாள்.

இது நாள் தவறாமல் நடந்தது. அந்த வரிதான் அவனைச் சாப்பிட வைத்தது. அந்த வரிதான் தினமும் ஐந்து மணிக்கு அவளை வேற்று மனுஷியாக்கியது. வரியில் ஒரு வெல்டா இருந்தாள், அவளுக்காக அவன் தலைவாரி, சட்டைப் பொத்தான் போட்டுக் காத்திருந்தான். நேரில் வந்தவள் யாரோ. தான் எழுதிய வரிமேலேயே வெல்டாவுக்குப் பொறாமை வந்தது. இதை யாரிடம் சொல்வது? சொன்னால் சர்ச்சுப் பெண்களின் காதல் கதை என்னாவது? அவள் யாரிடமும் சொல்லவில்லை. மரிசேலாவின் வாயையும் கட்டிவிட்டாள்.

ஒருநாள் மரிசேலா அவனுக்கு முகம் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நான் ஒண்ணு சொல்லட்டுமா? நீங்கதான் வெல்டான்னு அதுலயே எழுதிப் போடுங்களேன். அது சொன்னா நம்புவார்."

"ஊரே படிக்கும்."

"படிக்கட்டுமே."

"என் புருஷனுக்கு என்னை அடையாளம் தெரியலைன்னு நான் கொட்டை எழுத்துல போட்டுக் காட்டணுமா? கெர்ஹார்ட் டயர் கடைக்குப் பக்கத்துல? போ, உன் வேலையைப் பாரு."

மரிசேலா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த வருஷம் லேலண்ட் கம்பெனியை விற்றார். வாங்கியது வெகுதூரத்திலுள்ள ஒரு பெரிய நிறுவனம். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு ஆள் வந்தான். நல்ல பையன்தான், சிரித்த முகம், கை குலுக்கினால் கை வலிக்கும். ஆபீசை மூடப்போவதை ஏதோ பிறந்தநாள் விருந்துக்கு அழைக்கிற மாதிரி சொன்னான். இனி யாரும் வரிசை நகர்வதற்காகக் காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெட்டி வருகிறது, ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால் எந்தச் சேனலில் எப்போது என்ன என்று கேட்டவுடன் சொல்லும் என்றான். பட்டியல் சேனல் இருக்கும், ஆனால் திரையில் முக்கால்வாசிக்கு நடிகர் நடிகையர் பேட்டி, கீழே ஒரு ஓரத்தில் பட்டியல். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்.

"உள்ளூர் அறிவிப்பு?" என்று கேட்டாள் வெல்டா.

"அதுக்கு இதுல வசதி இல்லீங்க, மேடம்."

"ஒரு வரி. ஒரே ஒரு வரி."

"எல்லா ஊருக்கும் ஒரே இடத்துலேர்ந்து போகுது. உங்க ஊருக்கு மட்டும் தனியா ஒரு வரி போட முடியாது."

"என் புருஷன் அதைப் பாத்துத்தான் சாப்பிடறான்."

அவனுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. முகத்தில் தெரிந்தது. "அந்த இல்லத்துக்கு நான் ஒரு பெட்டி இலவசமாத் தரச் சொல்றேன்" என்றான். வெல்டா அவனைத் திட்டவில்லை. ஊரையே திட்டியவள், அன்று எழுந்து போய் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் மாற்றப்போவதாக முடிவானது. வெள்ளிக்கிழமை காலை வெல்டா கடைசி முறையாக ஆபீசைத் திறந்தாள். மேசையில் உட்கார்ந்து வெகுநேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றோடு முடிகிறது. இன்று விட்டால், தான் யார் என்று அவனிடம் சொல்ல இந்த உலகத்தில் அவன் நம்பும் வாய் ஒன்றும் மிச்சமிருக்காது. மானம் போனால் போகிறது என்று நினைத்தாள். வேறு விதமாக எழுதத் தெரியாததால், காணாமல் போனவற்றுக்கு எழுதுகிற மாதிரியே எழுதினாள்.

"ஆர்லிஸ், உன் பக்கத்து நாற்காலியில் இருப்பவள் வெல்டா. பச்சைக் கோட்டு, நரை முடி, இடது கன்னத்தில் மச்சம். வெல்டா என்று கூப்பிட்டால் திரும்புவாள்."

ஒரு சுற்றுக்கு ஒரு அறிவிப்புதான் வரும். அவளுடையதோடு இன்னும் மூன்று வரிசையில் இருந்தன. சர்ச் விருந்து, டயர் கடை, ஒருத்தி விற்கும் பழைய பியானோ. அவற்றை அழித்துவிட்டால் அவளுடையது சுற்றுக்குச் சுற்று வரும். விரல் அழிக்கும் விசைமேல் போய் நின்றது. மாதக் கடைசி வரை போடுகிறேன் என்று கெர்ஹார்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். பியானோக்காரி விதவை. சர்ச் அறிவிப்பை அழிக்க முடியுமா? விரலை எடுத்துக்கொண்டாள். பிற்பாடு எத்தனையோ நாள் அந்த விரலை நொந்துகொண்டாள்.

டொயலுக்குப் போன் செய்தாள். "நீதானே பிளக்கைப் பிடுங்கப் போற? கொஞ்சம் தாமதம் பண்ணு."

"வெல்டா, அந்த ஆளு என் தோள்மேலயே நிக்கிறான். கையில கடிகாரம் வேற." அவன் கொஞ்சம் தயங்கினான். "நான் வரியைப் படிச்சேன்."

"படிச்சா வாயை மூடிக்கிட்டு இரு."

பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். அறைக்குள் அடுப்படி மாதிரிச் சூடு. கோட்டைக் கழற்றாமல், வேர்க்க வேர்க்க, அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆர்லிஸ் திரையைப் படித்துக்கொண்டிருந்தான்.

"வாங்கம்மா" என்றான், கண்ணை எடுக்காமலே. "சத்தம் போடாம உக்காருங்க. என் பொண்டாட்டி வருவா."

முதல் தடவை அவள் வரி வந்தபோது, மரிசேலா மாத்திரைக் கிண்ணத்தோடு சரியாக டிவிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். "தள்ளு, பொண்ணே, தள்ளு!" என்று ஆர்லிஸ் கையை ஆட்டினான். அவள் தள்ளுவதற்குள் பச்சைக் கோட்டும் மச்சமும் மேலே போய் மறைந்துவிட்டன. மரிசேலா திரும்பித் திரையைப் பார்த்தாள், வெல்டாவைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல" என்றாள் வெல்டா. "இன்னொரு தடவை வரும். இப்ப யாரும் உள்ள வராம பாத்துக்கோ."

மரிசேலா கதவை மூடிவிட்டு வெளியே காவல் நின்றாள். சேனல்கள் நகர்ந்தன. ஆர்லிஸ் ஒவ்வொன்றையும் சுவாமி பெயர் சொல்வதுபோல வாய்க்குள் சொன்னான். சர்ச் விருந்து வந்து போனது. மறுபடி இரண்டாம் சேனலிலிருந்து தொடங்கியது. டயர் கடை வந்தது. குளிர்கால டயரை அவன் முழுசாகப் படித்தான். மூலையில் கடிகாரம் பன்னிரண்டை நெருங்கியது. மறுபடி ஒரு சுற்று. பியானோ. நல்ல நிலையில், மேப்பிள் மரம், நீங்களே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வெல்டா தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். வாயைத் திறக்கக் கூடாது, அசையக் கூடாது, அவனாகப் படித்து அவனாகத் திரும்ப வேண்டும் என்று தனக்குத்தானே ஆணையிட்டுக்கொண்டாள்.

கடைசிச் சேனல் மேலே ஏறியது. கீழ்விளிம்பில் ஒரு சொல் எட்டிப் பார்த்தது. ஆர்லிஸ்.

"ஆர்லிஸ்..." என்று அவன் படித்தான்.

வெல்டாவால் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தது எல்லாம் ஒரேயடியாகப் பொங்கி வந்துவிட்டது. கை தானாக எழுந்து அவன் மணிக்கட்டைப் பற்றியது.

"பாரு, ஆர்லிஸ்! பாரு, வருது, படி!"

அவன் திரும்பினான். திரையிலிருந்து முகத்தை எடுத்து அவளை முழுசாகப் பார்த்தான். பச்சைக் கோட்டை, நரை முடியை, கன்னத்து மச்சத்தை, எல்லாவற்றையும் பார்த்தான். எரிச்சலாகப் பார்த்தான்.

"ஏம்மா, கையை விடுங்க. சத்தம் போடாதீங்கன்னு சொன்னேன்ல?"

"திரும்பு! அங்க பாரு! என்னைப் பாக்காத, அங்க பாரு!"

அவன் திரும்பியபோது திரையில் இரண்டாம் சேனல், விவசாயச் செய்தி.

"போயிருச்சு" என்றான் ஆர்லிஸ். குழந்தை மாதிரி உதடு பிதுங்கியது. "கண்ணை எடுக்க வெச்சுட்டீங்களே."

வெல்டா அவன் மணிக்கட்டை விட்டாள். எத்தனை பேரைப் போனில் கேட்டிருக்கிறாள், கண்ணை எடுத்தது யார் தப்பு என்று. அடுத்த சுற்று பாதியில் இருக்கும்போது திரை கறுத்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு ஒரு ஆணும் பெண்ணும் யாருடைய விவாகரத்தைப் பற்றியோ பேசத் தொடங்கினார்கள்.

அந்த வரியைப் படிக்க வேண்டிய ஒருவனைத் தவிர ஊரே படித்திருந்தது. மளிகைக் கடையில் வெல்டா நுழைந்ததும் பேச்சு நின்றது. கல்லாக்காரி சூப்பைப் பற்றிக் கேட்கவில்லை. மிச்சச் சில்லறையைக் கொடுக்கும்போது அவள் கையை அழுத்தினாள். வெல்டாவுக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. கிண்டல் செய்து தொலைத்தாலாவது பரவாயில்லை. சர்ச்சுப் பெண்கள் நூடுல்ஸும், கேசரோல் என்று பாத்திரத்தோடு வேகவைக்கும் பண்டமும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள், செத்த வீட்டுக்கு வைக்கிற மாதிரி. அப்போதும் மேற்குத் தெருவுக்கு யாரும் போகவில்லை. வெல்டா கேசரோலை அப்படியே குப்பையில் கொட்டி, பாத்திரங்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள்.

ஆபீஸ் ஜன்னலில் காகிதம் ஒட்டிவிட்டார்கள். போன் செய்தால் வேறு மாநிலத்தில் யாரோ எடுத்தார்கள். டொயலுக்குப் புது நிறுவனத்தில் வேறு ஊரில் வேலை கிடைத்தது. வெல்டாவுக்கு வேலை இல்லாததால் பகல் முழுக்க இல்லத்தில் இருக்க முடிந்தது. எந்தக் காலத்திலும் இல்லாத அளவு நேரம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் சாப்பிடாமல் இளைத்துக்கொண்டே வந்தான். மரிசேலா கெஞ்சினாள், வெல்டா அதட்டினாள். இலவசப் பெட்டி டிவிமேல் உட்கார்ந்திருந்தது, அதன் ரிமோட்டை யாரும் தொடவில்லை.

"சூப்பைக் குடி, ஆர்லிஸ்."

"நீங்க யார் சொல்றதுக்கு? அவ சொல்லட்டும்."

"அவதான் சொல்லச் சொன்னா."

அவன் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நீங்க மெயின் தெருப் பக்கம் போவீங்களா?"

"போவேன்."

"அங்க கேபிள் ஆபீஸ்ல என் பொண்டாட்டி வேலை பாக்குறா. கொஞ்சம் கோபக்காரி, பயப்படாதீங்க. கொஞ்ச நாளா அவ வரி வரமாட்டேங்குது. ஏன்னு கேட்டுட்டு வந்து சொல்லுங்கம்மா. நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் வெல்டா.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். லாரியில் ஏறினாள். போகாமலே போய் வந்தேன் என்று அவனிடம் சொல்லியிருக்கலாம், அவனுக்கா தெரியப்போகிறது? ஆனாலும் மெயின் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போய், காகிதம் ஒட்டிய ஜன்னலுக்கு எதிரே நிறுத்தி, என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

ஆர்லிஸ் சட்டைப் பொத்தானையெல்லாம் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"பாத்தீங்களா அவளை?"

"பாத்தேன்."

"என்ன சொன்னா?"

வெல்டா ஆறிப்போன சூப்புக் கிண்ணத்தை எடுத்தாள். கரண்டியை அவன் வாயருகே கொண்டுபோனாள்.

"அடுத்த சுத்துல வரும்னு சொன்னா."

ஆர்லிஸ் தலையை ஆட்டினான். "அப்ப கண்ணை எடுக்கக் கூடாது" என்று சொல்லி, அவளைப் பார்க்காமல், திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தான்.